அரை மணி நேரம் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் எப்போதும் தணிந்த குரலில்தான் வரும். எந்த பிரிண்டர் வாங்கலாம், எந்த ஆன்டி வைரஸ் நல்லது என்றெல்லாம் உரக்கக் கேட்பார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "இந்த ஆன்லைன் கேம்ஸ் எல்லாம் நம்ம வயசுல ஆடலாமா? ஆனா நமக்கு எங்க நேரம்?" என்பார்கள். கேட்பவர் மளிகைக் கடைக்காரராக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார். ஒரு முறை அரிசி மண்டி முதலாளி ஒருவரே கேட்டார்.

ஆடலாம் என்பதுதான் என் பதில். நேரம் இல்லாதவர்கள்தான் இதை நன்றாக அனுபவிக்க முடியும் என்றும் சொல்வேன். சும்மா சொல்லவில்லை. நேரத்தைக் கணக்கில்லாமல் கொட்டி ஆடியவனும் நான்தான். இன்று ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஆடுபவனும் நான்தான்.

முதலில் இந்த ஆட்டம் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். ஒரு கற்பனை உலகம், ஒரு நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டர்களில் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு பெயர் வைத்து, ஓர் உருவத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் நுழைகிறீர்கள். அதே நேரத்தில் பல நாடுகளில் இருந்து ஆயிரக்கணக்கானோர் அதே உலகில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், கவசம் செய்யலாம், நாலு பேர் சேர்ந்து பூதத்தை அடிக்கலாம். செய்யச் செய்ய உங்கள் கதாபாத்திரத்தின் திறமை எண் ஏறும். இதைத்தான் லெவல் என்கிறார்கள். எம்.எம்.ஓ.ஆர்.பி.ஜி. என்று வாயில் நுழையாத ஒரு பெயர் இதற்கு உண்டு.

இது நேற்று வந்த சங்கதி அல்ல. 1978-ம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் படமே இல்லாமல், வெறும் எழுத்துகளை வைத்தே இப்படி ஓர் உலகத்தை உருவாக்கினார்கள். பிறகு 1997-ல் அல்டிமா ஆன்லைன், 1999-ல் எவர்குவெஸ்ட், 2004-ல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்று வளர்ந்தது. கடைசியாகச் சொன்ன ஆட்டத்துக்கு 2010-ல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். நம் நாட்டுக்கு 2000-களின் நடுவில் லெவல் அப் என்ற நிறுவனம் கொரியாவின் ராக்னராக் ஆன்லைன் ஆட்டத்தைக் கொண்டு வந்தது. அந்தச் சேவை பிறகு நின்று போனது.

வேலூரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பிரவுசிங் சென்டரில் அந்த ராக்னராக்கை முதலில் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பையன் பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புரோன்டெரா என்ற நகரத்தின் தெருவில் வரிசையாக உட்கார்ந்து கடை விரித்திருந்தார்களே, அவர்கள்தான் என்னை இழுத்தார்கள். அந்த ஆட்டத்தில் வணிகராக வேடம் ஏற்றவர்கள் பொருளையும் விலையையும் வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் போதும், கடை தானாக வியாபாரம் செய்யும். பட்டுக் கடைகளைப் பார்த்து வளர்ந்த ஆரணிக்காரனுக்கு இது போதாதா?

எங்கள் வீட்டில் தறி உண்டு. அப்பா நெய்வார். நான் படித்து முடித்துவிட்டு ஊரிலேயே ஒரு பட்டு வியாபாரியிடம் கணக்கு எழுதச் சேர்ந்தேன். 2008-ல் வீட்டுக்குச் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வந்தது, பின்னாலேயே பிராட்பேண்டும் வந்தது. ராக்னராக்கை விட்டு ரூன்ஸ்கேப்புக்கு மாறினேன். அதற்குக் காரணம் எளிது. அது 2001-ல் வந்த ஆட்டம், அப்போது பிரவுசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், காசும் கட்ட வேண்டாம்.

அங்கே அல் காரிட் என்ற பாலைவன ஊரில் ஒரு பட்டு வியாபாரி நிற்பான். கம்ப்யூட்டரே நடத்தும் பாத்திரம். ஒரு பட்டுத்துணி மூன்று காசு என்பான், பேரம் பேசினால் இரண்டுக்கு இறங்குவான். ஒரு நாள் அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

"எவ்ளோ சொல்றான்?"

"மூணு காசுப்பா."

"மூணு காசுக்குப் பட்டா? ஜரிகை இருக்குதான்னு கேளு. இருந்தா அதுவும் பொய்தான்."

இப்படிச் சிரித்துக்கொண்டு ஆடிய ஆட்டம், ஒரு வருடத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு குழுவில் சேர்ந்தேன். அதில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தவர்கள். அவர்களுடைய மாலை நமக்கு நள்ளிரவு. அவர்கள் கூடும் நேரத்துக்கு நான் விழித்திருக்க வேண்டும். முதலில் பன்னிரண்டு மணி, பிறகு ஒன்று, இரண்டரை. காலையில் எட்டரைக்குக் கடை.

2009-ம் ஆண்டு ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஆவணி முகூர்த்தத்துக்குச் சேலை சேர வேண்டிய நேரம். சேவூர், முள்ளிப்பட்டுப் பக்கமிருந்தெல்லாம் நெய்து கொண்டு வருவார்கள். எங்கள் தொழிலில் நெசவாளருக்குப் பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்போம். சேலை திரும்பி வரும்போது அதையும், மிச்ச ஜரிகையையும் எடை போட்டு அவருடைய பக்கத்தில் எழுதுவோம். ஜரிகை குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். பணம் போவதைவிட, ஜரிகை குறைந்தது என்று கணக்கில் ஏறுவதுதான் ஒரு நெசவாளருக்குப் பெரிய அவமானம். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

அன்று நான் தூங்கியது மூன்று மணி நேரம்கூட இருக்காது. ஒரு பெரியவர் திருப்பிக் கொடுத்த ஜரிகையை, அதே பெயர் கொண்ட இன்னொருவர் பக்கத்தில் எழுதிவிட்டேன். இவர் கணக்கில் குறைவு விழுந்தது. கூலி பிடித்தார்கள். பத்துப் பேர் நின்றிருந்த கடையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். "தம்பி, நான் முப்பது வருஷமா நெய்யறேன். ஒரு தடவ நல்லாப் பாத்துடுங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் பார்த்தேன், பிசகு தெரிந்தது. முதலாளியிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். பத்துப் பேர் முன்னால் பிடித்ததைப் பத்துப் பேர் முன்னால் கொடுக்க முடியவில்லை. அவர்கள் அதற்குள் அவரவர் ஊருக்குப் போயிருந்தார்கள்.

அன்று இரவு கம்ப்யூட்டரை ஆன் செய்யவில்லை. ஆறு மாதம் ஆட்டத்தின் பக்கமே போகவில்லை. பிறகு ஏன் மறுபடி போனீர்கள் என்கிறீர்களா? பிடித்திருந்தது, போனேன். ஆனால் இந்த முறை ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். நான் பாதியில் எழுந்து போனால் இந்த ஆட்டம் எனக்கு என்ன செய்யும்?

தறியைப் பாருங்கள். பாதிச் சேலை நெய்துகொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள். நாடாவை வைத்துவிட்டு எழுந்து போகலாம். இரண்டு நாள் கழித்து வந்தாலும் விட்ட இழையிலேயே தொடரலாம், பாவு அப்படியே நிற்கும். அடுப்பில் வைத்த பால் அப்படியா? ஒரு நிமிடம் திரும்பினால் பொங்கி வழிந்துவிடும். ஆன்லைன் ஆட்டங்களிலும் தறி ஜாதி உண்டு, பால் ஜாதி உண்டு. வேலை உள்ளவர்களுக்குத் தறி ஜாதிதான் சரி.

வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அதில் உங்கள் கதாபாத்திரத்தை ஒரு சத்திரத்தில் தங்க வைத்துவிட்டு வெளியேறினால், நீங்கள் இல்லாத நேரத்துக்கு ஓய்வு ஊக்கம் சேரும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலில் இருபதில் ஒரு பங்கு என்ற கணக்கு. அதிகபட்சம் ஒன்றரை லெவல் வரை. திரும்பி வந்து ஆடும்போது, சேர்ந்த ஊக்கம் தீரும் வரை சண்டைக்கு இரட்டிப்பு மதிப்பெண். இதன் பின்னால் ஒரு கதை உண்டு. சோதனைக் கட்டத்தில் முதலில் இதைத் தலைகீழாக வைத்திருந்தார்களாம். நீண்ட நேரம் ஆடினால் களைப்பு வந்து மதிப்பெண் பாதியாகும். ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். உடனே கிடைக்கும் மதிப்பெண்ணைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றினார்கள். பாதி என்றதைச் சாதாரணம் என்றார்கள், சாதாரணம் என்றதை இரட்டிப்பு என்றார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி. நம் ஜவுளிக் கடைத் தள்ளுபடி போர்டு எழுதுபவர்கள் யாராவது அங்கே வேலை பார்த்தார்களோ என்னவோ! எப்படி இருந்தாலும் லாபம் நமக்குத்தான். இரண்டு நாள் வராதவருக்கு அரை மணி நேரம் ஒரு மணி நேரமாகிறது.

அதே ஆட்டத்தில் ஆரம்பத்தில் பெரிய சண்டைகளுக்கு நாற்பது பேர் ஒன்றாகக் கூட வேண்டும். ஒருவருக்குக் குழந்தை அழுதால் முப்பத்தொன்பது பேர் காத்திருப்பார்கள். 2007-ல் அதை இருபத்தைந்து, பத்து என்று குறைத்தார்கள். ஆட்டத்தை உருவாக்குபவர்களுக்கும் நம்மைப் போன்றவர்களின் நிலை மெல்லப் புரிந்து வந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் இதற்கு மாதச் சந்தா உண்டு, அமெரிக்க விலையில் 14.99 டாலர். மாதத்தில் பத்து நாள், அதுவும் அரை மணி நேரம் ஆடுபவர் இதைக் கட்டுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. சந்தா கட்டிவிட்டால் காசு வீணாகிறதே என்றே கூடுதலாக உட்காருவோம்.

எனவே புதியவர்களுக்கு நான் சொல்வது இரண்டு ஆட்டங்கள். ஒன்று, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். 2007-ல் இருந்த வடிவத்தை 2013-ல் மீண்டும் கொண்டு வந்தார்கள். நான் அப்போது பூஜ்யத்தில் இருந்து தொடங்கினேன். டவுன்லோட் சிறியது, பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 2018-ல் இருந்து அதே அக்கவுண்டில் செல்போனிலும் ஆடலாம். காசு கட்டினால் கூடுதல் இடங்கள் திறக்கும், ஆனால் கட்டாமலே மாதக் கணக்கில் பார்க்க வேண்டியது இருக்கிறது. படங்கள் அழகாக இருக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று கில்ட் வார்ஸ் 2. 2012-ல் வந்தது. 2015-ல் அடிப்படை ஆட்டத்தை இலவசமாக்கினார்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் பல பத்து ஜி.பி. டவுன்லோட், ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். இதில் எனக்குப் பிடித்தது, லெவல் 80-ஐத் தாண்டுவதே இல்லை. வந்த நாளில் இருந்து அதுதான் உச்சம். ஒரு வருடம் விட்டுவிட்டு வந்தாலும் மற்றவர்கள் எட்டாத உயரத்துக்குப் போயிருக்க மாட்டார்கள். ஒரு பாறையில் தாது வெட்டினால் அடுத்தவருக்கும் அதே பாறையில் கிடைக்கும். வழியில் தெரியாத ஒருவருக்குக் கை கொடுத்தால் இருவருக்கும் பலன். யாரோடும் நேரம் குறித்து வைக்காமலே பத்துப் பேரோடு சேர்ந்து ஆடிவிட்டு எழுந்து வரலாம்.

லெவல் ஏற்றுவதில் ஒரு கணக்கை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் ஒரு திறமையின் உச்சம் 99. அதற்கு 1,30,34,431 மதிப்பெண் வேண்டும். 92-ஐத் தொட்டவர் ஏறக்குறைய முடித்துவிட்டோம் என்று நினைப்பார். உண்மையில் அப்போதுதான் பாதி வழி வந்திருக்கிறார். கடைசி ஏழு லெவல் மீதிப் பாதி. இதைத் துரத்த வேலைக்குப் போகிறவர்களால் முடியாது, முடிந்தாலும் வேண்டாம்.

மேலே சொன்ன ரிச்சர்ட் பார்ட்டில் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆடுபவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். லெவலும் பரிசும் சேர்ப்பவர்கள், ஊர் சுற்றிப் பார்ப்பவர்கள், பேசிப் பழக வருபவர்கள், மற்றவரை அடிப்பதில் மகிழ்பவர்கள். முதல் வகைக்கும் கடைசி வகைக்கும் நேரம் ஏராளமாக வேண்டும். ஊர் சுற்றுபவருக்கு அரை மணி நேரம் தாராளம். இன்று ஒரு மலை, நாளை ஒரு குகை. எட்டு மணி நேரம் ஆடுபவர்கள் ஆறு மாதத்தில் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை என்று குறை சொல்வார்கள். நான் இத்தனை வருடம் ஆடியும் போகாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

செல்போனில் வரும் சில ஆட்டங்கள், பிஸியானவர்களுக்காகவே செய்தது என்று விளம்பரம் செய்துகொள்ளும். தினமும் வந்தால் பரிசு, ஏழு நாள் தொடர்ந்து வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் முதலில் இருந்து. பட்டனைத் தட்டினால் கதாபாத்திரம் தானே நடக்கும், தானே சண்டை போடும். தானே ஆடிக்கொள்ளும் ஆட்டத்துக்கு நாம் எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. இவை ஐந்து நிமிடம்தான் கேட்கும், ஆனால் நாள் தவறாமல் கேட்கும். முகூர்த்த நாளில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் பால் ஜாதிதான், பாத்திரம் சின்னது.

வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், இதுவும் ரம்மி மாதிரி காசு போகிற விவகாரமா என்று. இல்லை. பந்தயம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தமிழ்நாடு 2022-ல் ஒரு சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றை நாடு முழுவதும் தடை செய்தது. சந்தா கட்டிப் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டங்களை அந்தச் சட்டமே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆனாலும் காசு போகும் வழிகள் இங்கும் உண்டு. ஆட்டத்துக்குள் உங்கள் தங்கத்தைக் கொடுங்கள், இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். நம் ஊர்களில் இதே வசனத்தைக் கேட்டு ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள், எனவே அதிகம் சொல்லவில்லை. பாஸ்வேர்டை யாருக்கும் தராதீர்கள், ஆட்ட நிறுவனத்து ஆள் என்று சொல்லிக் கேட்டாலும். அக்கவுண்டில் இரண்டாம் கட்டப் பாதுகாப்பு வசதி இருந்தால் முதல் நாளே அதை ஆன் செய்துவிடுங்கள்.

என் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பதரைக்கு உட்காருவேன், பத்துக்கு அலாரம். அலாரம் அடிக்கும்போது சண்டையில் நடுவில் இருக்கக் கூடாது என்பதால், கடைசி ஐந்து நிமிடம் ஊருக்குள் வந்து நிற்பேன். மானிட்டர் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. வெளியேறும் முன் என்ன செய்துகொண்டிருந்தேன், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதுவேன். நான்கு நாள் கழித்து வருபவருக்கு இந்த வரி எவ்வளவு உதவும் என்பதை எழுதிப் பார்த்தால்தான் தெரியும். இல்லாவிட்டால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். குழு எதிலும் இப்போது இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மாமா மகன் சனிக்கிழமைகளில் வருவான். அவனும் நானும் ஆற்றங்கரையில் நின்று மீன் பிடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவோம். போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் "சரி, அப்புறம்?" என்று ஆகிவிடும். தூண்டிலைப் போட்டுக்கொண்டு பேசும்போது அந்தச் சங்கடம் வருவதில்லை.

ஆடி மாதத்தில் மட்டும் நான் ஆடுவதில்லை. கடையில் வேலை அதிகம் என்பது ஒரு காரணம்.

அப்பா இப்போது தறியில் உட்காருவதில்லை, கண் சரியில்லை. நான் கம்ப்யூட்டரை அணைக்கும் சத்தம் கேட்டால் திண்ணையில் இருந்தே கேட்பார்.

"என்னடா, இன்னிக்கு எத்தன மீனு?"

"இருபத்தெட்டுப்பா."

"பட்டுக்காரன் வெல ஏத்துனானா?"

"இல்லப்பா, அதே மூணு காசுதான்."